விரலறியாக் கதவும் வீரச் செங்கல்லும்

வாழ்க அந்த வலக்கைப் பெருவிரல்! முப்பத்தோராண்டு சிமெண்டுக் கலவையில் ஊறி, ரேகையென்று சொல்ல ஒரு கோடும் மிஞ்சாமல் ஆற்றுக் கூழாங்கல்லென வழுவழுத்த விரல். கொத்தனார்க் கரணை ஏந்திய காலத்தில் கோணற்சுவர்களைக் குலைநடுங்கச் செய்த விரல்! அவ்விரலுக்கு உடையவரும், ஆடும் நாற்காலிக்குத் தன் காலையே முட்டுக்கொடுத்து அமர்ந்தவரும், எவன் எதைச் சொன்னாலும் முதலில் நம்பாதவருமாகிய காவல் பெரியவரின் கீர்த்தியைச் சொல்லப் புகுந்தோம். கேட்பவர்கள் செல்போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

அவர் காத்த அறை லேசுப்பட்டதன்று. குடிமக்கள் பிறந்த தேதி, செத்த தேதி, நடுவே கட்டிய வீட்டு வரி யாவையும் வயிற்றிலடக்கி, கரும்பெட்டிகள் அணியணியாய் நின்று தேனீக்கூட்டமென இரையும் அரசுத் தரவு மையம் அது. அதன் கதவில் விரல்ரேகை பார்க்கும் கருவி ஒன்று குடியிருந்தது. வெளியே ஒரு முகம், உள்ளே ஒரு முகம், இரண்டுக்கும் சேர்த்து வெளிச்சுவரில் ஒரே பிளக் கொண்ட அவ்வரக்கனுக்கு, ஏழாண்டாகியும் காவல்காரர் விரல் மட்டும் பிடிபட்டதில்லை. ஆகவே கதவைத் திறந்து பிடிக்கும் திருப்பணியை ஒரு செங்கல் ஏற்றிருந்தது. அது லீவு கேட்டதில்லை.

இந்நிலையில்தான் தரநிர்ணயக் குழு எழுந்தருளிற்று. நாட்டிலுள்ள அரசுத் தரவு மையமெல்லாம் எப்படி இருக்கவேண்டும் என்று பதினாறு மாதம் பிஸ்கட் தின்று இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதிய ஐவர்! அவர்களில் ஒருவரும் அதுநாள்வரை அப்படியொரு மையத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. வைத்தால் எழுத்து கெட்டுவிடுமென்று அஞ்சினார்கள் போலும். நூற்று நாற்பதாம் பக்கம் இவ்வாறு முழங்கிற்று: அறை பதினெட்டு டிகிரிக் குளிரில் இருக்கும், கைபேசிகள் வாசல் தட்டில் கிடக்கும், கதவு தானே மூடும், உள்ளே போகவும் வெளியே வரவும் விரல் வேண்டும், விரல் பதியாதவன் காவலுக்கு ஆகான்.

பெரியவர் நெஞ்சில் இடி இறங்கியது. வேலை போனால் மகன் வீட்டு ஹாலில், மருமகள் பார்க்கும் டிவி சீரியலுக்கு எதிரே, பகல் முழுக்கக் கைகட்டி உட்காரவேண்டும். அதற்கு யமன் தேவலை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்குக் குழுவின் கண்முன் போர் மூண்டது. மதயானை கோட்டைக்கதவை முட்டினாற்போல் முட்டியது பெருவிரல். "மீண்டும் முயற்சிக்கவும்" என்றாள் கருவிக்குள்ளிருந்து ஒருத்தி. வேட்டியில் துடைத்து முட்டியது. வாயால் ஊதி முட்டியது. துப்புரவுக்காரம்மா ஓடிவந்து பூசிய தேங்காயெண்ணெயோடு வழுக்கி வழுக்கி முட்டியது. இருபத்தாறு முறை செவ்விளக்கு எரிந்தது.

"ஆளை மாத்துங்க!" என்று ஆணையிட்டார் குழுத்தலைவர். "இந்தக் கல்லையும் தூக்கிப் போடுங்க. அசிங்கமா இருக்கு."

செங்கல் தோட்டத்துக்குப் போயிற்று. மையத்துக் கம்ப்யூட்டர்காரரின் விரலுக்குக் கதவு திறக்க, அவரை முன்னிட்டுக்கொண்டு ஐவரும் குளிரை அளக்க உள்ளே புகுந்தார்கள். கதவு விதிப்படி தானே மூடிக்கொண்டது.

கால்மணி நேரத்தில் அளந்து முடிந்தது, பதினெட்டேதான். அந்தப் பதினெட்டில் விறைத்துச் சுருங்கிய கம்ப்யூட்டர்காரரின் விரலைக் கருவி ஏறிட்டும் பார்க்கவில்லை. ஐவரின் விரல்களோ அதற்கு முன்பின் தெரியாதவை. கைபேசிகளெல்லாம் வாசல் தட்டில் கிடந்து கதறின. பொறியில் விழுந்த வேங்கைகளென அறுவரும் கண்ணாடிச் சாளரத்தை அறைந்தார்கள்.

"பெரியவரே, கதவைத் திறங்க!"

"எனக்குத்தான் விரலே இல்லையே சார்."

"ஏதாவது பண்ணுய்யா!"

"அந்தப் புக்குல போட்டிருக்கிறபடி பண்றேன். எத்தனையாம் பக்கம்னு சொல்லுங்க."

உள்ளே கையோடு கொண்டுபோன ஏட்டைப் புரட்டினார்கள். தண்ணீர்க்குழாயின் நிறம் இருந்தது. பெயர்ப்பலகையின் நீளம் இருந்தது. மாட்டிக்கொண்டால் வெளியே வரும் வழி மட்டும் இல்லை.

"போதும் விடுங்கண்ணே," என்றார் துப்புரவுக்காரம்மா. "அந்தத் தலைவர் உதடு நீலமாயிடுச்சு."

"இரு தங்கச்சி. இன்னும் பாதிப் புக்குகூட பொரட்டல." பிறகு சாளரத்தருகே போய், போர்க்களத்து நடுவே நிபந்தனை விதிக்கும் மன்னனென நிமிர்ந்து உரைத்தார்: "செங்கல் திரும்ப வரணும். நானும் வேலையில இருக்கணும்."

"ரெண்டும் இருக்கும், சத்தியமா!"

"சத்தியம் வேணாம். எழுதுங்க."

நூற்று நாற்பதாம் பக்க ஓரத்தில் தலைவர் எழுதிக் கையெழுத்திட்டுக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். பெரியவர் எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தார். நம்பாமல் இன்னொரு முறை படித்தார். அதன்பின், போன மாதம் துப்புரவுக்காரம்மா செல்போனுக்கு சார்ஜ் போட எந்தப் பிளக்கைப் பிடுங்கியபோது கதவின் பூட்டு தானே பிடிவிட்டதோ, அந்தப் பிளக்கை, கருவியரக்கனின் அந்த உயிர்நிலையை, கூழாங்கல் விரலும் சுட்டுவிரலும் கூடிப் பற்றி, மலையைப் பெயர்ப்பவர்போல் மூச்சடக்கி, ஒரே இழுவையில் பிடுங்கினார்! கதவு வாய்பிளந்தது. அறுவரும் வெயிலுக்கு ஓடினார்கள். தோட்டத்துச் செங்கல்லைத் தலைவரே இரு கைகளாலும் ஏந்திவந்து வாசலில் வைத்தார்.

திருத்திய பதிப்பு அடுத்த மாதமே வெளிவந்தது. "மின்சாரம் சாராத, சுட்ட மண்ணாலான கதவுத்தாங்கி ஒன்று, அதற்குப் பொறுப்பாக அனுபவமுள்ள காவலர் ஒருவர், ஒவ்வொரு மையத்திலும் இருத்தல் வேண்டும், அவர் விரல் பதிய வேண்டியதில்லை" என்று நூற்று நாற்பதாம் பக்கம் இப்போது திசையெட்டும் முழங்குகிறது.

பெரியவர் கதவுக்குச் செங்கல்லை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.