எங்கள் வீட்டுக் காற்று

புனாட்டா,
ஞாயிறு மதியம்.

மதிப்புமிக்க அக்கா நிகோலாசாவுக்கு, தம்பி எலியோடோரோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலியும், சூக்ரே சாலையை மறித்து உட்கார்ந்திருக்கும் லாரிக்காரர்களும் சீக்கிரம் விலக வேண்டுகிறேன். மறியல் இல்லையென்றால் என் மகன், உங்கள் மருமகன் செவெரினோவின் கல்யாணத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். பத்திரிகையில் காலம் தள்ளியவன் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தலைப்புச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஜெயித்துவிட்டோம்.

கார்னிவலுக்குப் பிறகு பையனுக்குக் காலை நேரங்களில் கை நடுங்கத் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் பையனை விட்டுவிட்டு என்னை விசாரித்தார்.

"உங்க அப்பா எதுல போனாரு?"

அம்மாவும், அம்மாவுக்குப் பிறகு நீங்களும் சொல்லிக்கொடுத்தபடியே, "காத்து அடிச்சிடுச்சு" என்றேன்.

"தாத்தா?"

"அவருக்கும் காத்துதான்."

"சித்தப்பா யாராவது?"

"செனோன் சித்தப்பா. காத்து."

அவர் பேனாவை மூடினார். "ஏங்க, உங்க வீட்ல யாரும் ஜன்னலே சாத்த மாட்டீங்களா?"

செவெரினோ சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரம்மா குரலைத் தாழ்த்தி, "குடி தலையெழுத்து இல்ல ஐயா. ஆனா அப்பன், பாட்டன்னு குடிச்ச வீட்ல மத்தவங்களைவிடச் சுலபமாப் பிடிச்சுக்கும். தெரிஞ்சா உஷாரா இருப்பான். காத்துன்னு சொல்லி வளத்தா, பாவம், போர்வையைத்தான் போத்திக்குவான்" என்றார். இனி ஒரு குவளை உள்ளே போனாலும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவான் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

அக்கா, கோபிக்காதீர்கள், நான் விசாரித்தேன். அப்பாவின் உடலைக் குளிப்பாட்டியவரைத் தேடிப் போனேன், "பூசணிக்காய் மாதிரி மஞ்சளா இருந்தாரு, காத்து எங்கயாவது மஞ்சள் பூசுமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். செனோன் சித்தப்பா சிச்சாக் கள்ளுக்கடை வாசலில் விழுந்ததைப் பார்த்த செருப்புக் கடைக்காரர், அன்று ஒரு மரத்தின் இலைகூட அசையவில்லை என்றார். தாத்தா வாய்க்கால் ஓரத்தில் கிடந்தபோது பக்கத்தில் குவளையும் கிடந்திருக்கிறது. மூன்று பேருக்கும் ஒரே காற்று, அது மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்து ஜாடியில் ஊற்றிய காற்று. எல்லாவற்றையும் செவெரினோவிடம் சொன்னேன். அவன், "அப்ப என் தப்பு மட்டும் இல்லையாப்பா?" என்று கேட்டான். அன்றிலிருந்து தொடவில்லை.

சரி, இனி கல்யாணம். பெண் கிரிசெல்டா தங்கம். ஆனால் அவள் அப்பா தோன் ப்ரிமித்திவோவின் வாசலில் கம்பத்தில் வெள்ளைக்கொடி பறக்கிறது, அதாவது சிச்சாக் கடையே அவருடையதுதான்! மாமனார் கொடுக்கும் சுரைக்குடுவையை மாப்பிள்ளை ஒரே மூச்சில் காலி செய்ய வேண்டும், மறுத்தால் பெண் வீட்டையே அவமதித்த மாதிரி. அவர் ததும்பத் ததும்பக் கொண்டுவந்து நீட்டினார், முற்றம் முழுக்க எழுந்து நின்றது, கிரிசெல்டாவின் முகம் வெளுத்துவிட்டது, நம் வீட்டுக் குடிப் பேச்சைக் கல்யாணத்தில் மட்டும் எடுத்துவிடாதே என்று நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தும் நான் பேசிவிட்டேன். "சம்பந்தி, எங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் காத்துல போகல, இதுலதான் போனாங்க!"

பேண்டுக்காரர்கள் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு டிரம்பெட் ஊதினார்கள்.

"எங்க சரக்குல இதுவரைக்கும் யாரும் போனதில்ல சம்பந்தி, அது கிளிசா ஊரு சரக்கா இருக்கும்!" என்றார் ப்ரிமித்திவோ. முற்றமே சிரித்தது.

செவெரினோ குடுவையை வாங்கினான். அவன் கை நடுங்கவில்லை, அக்கா. வழக்கப்படி, "முதல்ல பூமித்தாய் பச்சமாமாவுக்கு" என்று சொல்லித் தரையில் ஊற்றினான். நாலு சொட்டோடு நிறுத்துவது வழக்கம். இவன் நிறுத்தவே இல்லை.

"மாப்ள, கொஞ்சமா ஊத்துங்க!"

"அவளுக்கு நல்ல தாகம் மாமா."

அவர் மறுபடியும் நிரப்பினார். இவன் மறுபடியும் ஊற்றினான். மூன்றாம் தடவை அவர் கை ஜாடிப் பக்கம் போனபோது அவர் மனைவி அதட்டினாள்: "யோவ், பச்சமாமாவே கேக்குறா, நீ சும்மா மாமாதானே? அவகிட்டயா மல்லுக்கட்டுற? விடுய்யா!"

பூமித்தாய்க்குக் கொடுத்ததை அவமானம் என்று எவன் சொல்வான்? இந்த ஊரில் ஒருவனும் இல்லை. ப்ரிமித்திவோ தலையைச் சொறிந்தார். பிறகு தன் கையாலேயே உலர்ந்த பீச் ஊறவைத்த பானத்தைக் குடுவை நிறைய எடுத்துவந்தார். பையன் ஒரே மூச்சில் காலி செய்தான், கொட்டையை மட்டும் துப்பினான். கைதட்டல் சர்ச் வரை கேட்டிருக்கும். இன்று காலை கிரிசெல்டா அவனைப் பார்த்து, "பொறக்கப்போற புள்ளைகிட்ட காத்துக் கதை சொன்னே, நான் உன்னையே ஜன்னல் வழியா வெளிய போட்டுடுவேன்" என்றாள். நல்ல வீட்டில்தான் பெண் எடுத்திருக்கிறோம்.

மணமக்கள் உங்கள் கைகளை முத்தமிடுகிறார்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். உங்கள் ஆசீர்வாதம் மறியலைத் தாண்டி வந்து சேரட்டும்.

தம்பி எலியோடோரோ

பின்குறிப்பு: ஒரு திருத்தம். உறையை ஒட்டும் நேரத்தில் பக்கத்து வீட்டு தோன்யா ஃபெலிசா வந்தார். தாத்தாவைக் கொன்றது நிஜமாகவே காற்றுதானாம். ஆகஸ்ட் மாதக் காற்றில் ஒரு கூரைத் தகரம் பறந்து வந்து தலையில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தாராம். அன்று தாத்தா ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை என்று சிலுவை போட்டுச் சத்தியம் செய்கிறார். எனவே தாத்தாவைப் பற்றி மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன், நீங்கள் சொன்னதே சரி.

இன்னொரு திருத்தம். அப்படியானால் குவளை எதற்கு என்று கேட்டேன். சிச்சாக் கடை அன்று பூட்டியிருந்ததாம். எப்போது திறப்பார்கள் என்று விசாரிக்கக் குவளையோடு கிளம்பிப் போகும் வழியில்தான் தகரம் விழுந்திருக்கிறது. ஆகவே முதல் திருத்தத்தையும் வாபஸ் வாங்குகிறேன்.