கடலோடு தண்ணீர்ச் சண்டை போட்ட மதகு மாமா

உலகத்தில் எங்கே ஒரு அங்குலம் தண்ணீர் குறைந்தாலும் அதற்கு எவனோ ஒரு திருட்டுப்பயல்தான் காரணம் என்று சாகும்வரை நம்பிய ஒரே மனிதர் எங்கள் மதகு மாமா. வெயில் அடித்தால் ஏரித் தண்ணீர் ஆவியாகப் போகும் என்று பள்ளிக்கூட வாத்தியார் விளக்கியபோது, அந்த வாத்தியார் யாருக்கோ கையாள் என்று முடிவுகட்டி, அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. வெள்ளானூர் ஏரி மதகைத் திறந்து மூடுகிற பொறுப்பு மாமாவுடையது. அவருக்கும் ஒரு நிஜப்பெயர் இருந்தது. அதை அத்தை வாயால் சொல்லக்கூடாது, மற்றவர்களுக்கு ஞாபகமில்லை. மதகைத் திருகுகிற முழநீள இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டுதான் நடப்பார். கல்யாணப் பந்தியில்கூட அது அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

அப்பா இல்லாத வீடு என்பதால் எனக்குப் பெண் பார்த்துத் தட்டு மாற்ற வேண்டியவர் தாய்மாமனான இவர். விளங்கினாற்போலத்தான். பாரிவாக்கத்தில் பெண்ணுக்கு அப்பா, தங்கள் ஊரில் முறை வைக்காமலே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவோம் என்று பெருமையாகச் சொன்னார். மாமா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். வேப்பம்பட்டில் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கலைப் பார்க்கப் போனார். கட்டியவன் மடையன், கல் இடுக்கில் கசிகிறது என்று சபையில் சொன்னார். கட்டியவர் பெண்ணின் தாத்தா. எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு இருபத்தெட்டு ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் அது கிழவன் வயது. அம்மா தரகரைக் கூப்பிட்டு, ஏரியே இல்லாத ஊராகப் பார் என்றாள். அப்படி வந்ததுதான் எண்ணூருக்கு வடக்கே, ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குச் சற்று உள்ளே இருந்த அந்தச் சின்னத் துறை. உப்பு ஏற்றுகிற படகுகள் பத்துப் பன்னிரண்டு கட்டிக்கிடக்கும். பெண்ணின் அப்பா துறையில் உப்பு வியாபாரி. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு இராகுகாலம் பிறப்பதற்குள் வந்து தட்டு மாற்றாவிட்டால், பெண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு இடத்துக்குச் சொல்லிவிடுவதாக முன்கூட்டியே தெரிவித்திருந்தார்.

அம்மா, மாமாவோடு ஆவடியில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கால்வாயில் பாய்மரப் படகு பிடித்தோம். படகுக்காரர் கிளம்பும்போதே எச்சரித்தார். பதினோரு மணிக்குள் துறைக்குப் போய்விட வேண்டும், அதற்குமேல் தண்ணீர் வற்றிவிடும் என்றார். மாமா அவரை வாத்தியாரைப் பார்த்த மாதிரியே பார்த்தார்.

நல்ல காற்று. பாய் புடைத்துக்கொண்டு படகு பறந்தது. எல்லாம் கால்வாயில் தண்ணீரைத் தேக்கி நிறுத்துகிற லாக்குக் கதவு வரைக்கும்தான். கதவில் ஒரு ஓட்டை. விரல்கடை அளவுதான், பீச்சிக்கொண்டிருந்தது. மாமா இறங்கிவிட்டார். காவல்காரனைப் பிடித்து, சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படித்தான் தூங்குவாயா, கலெக்டருக்கு மனுப் போடுவேன் என்று ஒரு பாட்டம் ஆடி, தம் மேல்துண்டைக் கிழித்து ஓட்டையை அடைத்த பிறகுதான் ஏறினார். முக்கால் மணி நேரம் போயிற்று.

கால்வாயை விட்டு ஆற்றில் திரும்பியதும் துறை கண்ணுக்குத் தெரிந்தது. படித்துறையில் பெண்வீட்டார் தட்டோடு நின்றார்கள். கூப்பிடு தூரத்தில் படகு சொத்தென்று சேற்றில் உட்கார்ந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது. மாமா எழுந்து சாவியைத் தூக்கிப் பிடித்தார்.

"எவண்டா அவன் மதகத் தொறந்தது?"

பெண்ணின் அப்பா கரையிலிருந்து நிதானமாகச் சொன்னார். "மதகும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணாத்தே. கடல் இஸ்துகினு பூட்ச்சி. சாயந்தரம் தானா வந்துரும்."

"தானா வர்றதுக்கு அது இன்னா, மேயப் போன மாடா?"

சொல்லிக்கொண்டே சேற்றில் குதித்துவிட்டார். மதகைக் கண்டுபிடித்து மூடப் போகிறாராம். நாலடி நடந்தார், இடுப்புவரை இறங்கினார். அப்புறம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சாவி மட்டும் தலைக்குமேல் நின்றது. என் மாமியார் ஆகவேண்டியவள் முதற்கொண்டு கயிறு பிடித்துத்தான் அவரைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். கழுவிக்கொள்ளச் சொன்னதற்கு, போன தண்ணீர் வரட்டும், அதில் கழுவிக்கொள்கிறேன் என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் படகில் காய்ந்தோம். பன்னிரண்டு மணியும் ஆயிற்று, இராகுகாலமும் வந்தது, போனது. அம்மா தன் தம்பியைத் திட்டின திட்டை அச்சில் போட முடியாது.

சாயங்காலம் தண்ணீர் ஏறியது. மாமா சாவியை ஆட்டிக்கொண்டு, "பாத்தியா, பயந்துகினு தொறந்துட்டானுங்க" என்றார்.

மூன்றாவது சம்பந்தமும் போயிற்று என்ற நினைப்போடுதான் நான் கரையேறினேன். பெண்ணின் அப்பா தட்டை எடுத்துக்கொண்டு நேரே மாமாவிடம் வந்தார். அந்த இன்னொரு இடத்துக்கு வேண்டாமென்று மத்தியானமே சொல்லி அனுப்பிவிட்டாராம். அம்மா நம்பாமல் ஏன் என்று கேட்டாள்.

"ஊரான் ஊட்டுத் தண்ணிக்கே இடுப்பளவு சேத்துல எறங்குறாரு. எம் பொண்ணுக்கு ஒண்ணுன்னா சும்மா இருப்பாரா? எனக்கு அது போதும்மா."

சேறு காய்ந்த கையாலேயே மாமா தட்டை வாங்கினார். கடைசிவரை என் மனைவியைப் பார்க்கும்போதெல்லாம், உங்கப்பன் ஊரில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்பார். கடல் ஏறி இறங்குகிற ஓதத்திலேயே பிறந்து வளர்ந்தவள், ஒருநாளும் அவரைத் திருத்தவில்லை. நீங்கள் மிரட்டிய பிறகு ஒரு வேளைகூடத் தவறவில்லை மாமா என்பாள்.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. மாமனார் ஊருக்குப் போகும்போது ஆறு வற்றிக் கிடந்தால், நான் படித்துறையில் உட்கார்ந்து, தண்ணீர் திரும்பி வந்த பிறகுதான் எழுந்திருக்கிறேன். மாமா இல்லாத இடத்தில் யாராவது ஒருத்தர் காவல் இருக்க வேண்டாமா?