பின்சீட்டு வக்கீலய்யா

செத்துப்போன ஒரு மனிதருக்கு ஒன்பது மாதம் கார்க் கதவு திறந்துவிட்டவன் நான். இதை வெளியில் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. (வீட்டில் நான் சொல்லவே வேண்டாம், அவர்களே சொல்லிவிடுவார்கள்.)

அப்போது தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். அவர் மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டிலிருந்து பழைய கறுப்புக் கார் ஒன்றை வாங்கினார். வக்கீல் காலமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வண்டியை எடுக்கப் போனபோது அந்த வீட்டுப் பழைய டிரைவர் சாவியை உடனே தரவில்லை. ஐயா தன் கையால் கதவைத் தொட்டதே இல்லையாம். நாம்தான் திறக்க வேண்டும், அவர் உட்கார்ந்த பிறகு நாம்தான் சாத்த வேண்டும். அதற்கு முன்னால் எஞ்சினைத் தொட்டால் அவருக்குப் பிடிக்காது. கடைசியாகக் கோர்ட்டிலிருந்து திரும்பும்போது இதே பின்சீட்டில்தான் உயிர் போனது. "வீடு வந்து கதவத் தொறந்தேன். எறங்கல" என்றார். பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு மத்தியானம், லஸ் பக்கம், சாவியைத் திருப்பினேன். முக்கல் முனகல்கூட இல்லை. ஹாரனை அழுத்தினேன், அதுவும் ஊமை. தெருவில் ஓர் ஆள் இல்லை. பின்னாலிருந்து மூக்குப்பொடி வாசனை வந்தது. (நான் பொடி போடுவதில்லை. முதலாளியும் போடுவதில்லை.) துடைக்கிற துணியை எடுக்கப் பின்கதவைத் திறந்தவன், பயத்தில் படாரென்று சாத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். உடனே கிளம்பியது.

கிண்டியில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். பிளக், பாயின்ட் எல்லாம் கழற்றிப் பார்த்தார். அவர் கைக்கு ஒவ்வொரு தடவையும் கிளம்பியது. வண்டியில் ஒன்றுமில்லை, உன்னிடம்தான் ஏதோ இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்.

அடுத்து அடையாறில் நின்றது. அன்று எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இறங்கிப் பின்கதவைத் திறந்து, "ஏறிக்கோங்க ஐயா" என்றேன். அவர் உட்காரும் அளவுக்குப் பொறுத்து, அழுத்திச் சாத்தினேன். கிளம்பியது. அதன் பிறகு ஒரு தடவைகூட இந்த வைத்தியம் தப்பவில்லை. முதலாளி வரும் நாளில் அவருக்குக் கதவு சாத்துவதே போதும். (இருவரும் நெருக்கிக்கொள்வார்கள் போல.) பாட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் உட்கார்ந்திருக்கும் பெரியவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுச் சீட்டைத் தூக்க முடியுமா?

இந்த நிலையில் வடபழனியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். ஏற்கெனவே மூன்று இடத்தில், மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று கேட்டுக் கைவிட்டிருந்தார்கள். இதுவும் போனால் இனிமேல் அலைய மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். முதலாளி காரைக் கொடுத்தார். பெண்ணின் அப்பா சினிமா ஸ்டூடியோவில் லைட் வேலை பார்ப்பவர். ஒரு மணி நேரம் என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். அதற்குள் கிளம்பவேண்டும் என்று அம்மா ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வாசலில் அவர்கள் வீட்டார், ஜன்னலில் பெண். சாவியைத் திருப்பினேன். ஊமை.

இறங்கி, அம்மா பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி உக்காரு."

"யாருக்குடா?"

"வக்கீலய்யாவுக்கு."

"எந்த வக்கீலய்யா?"

"செத்துட்டாரே, அவருக்கு."

அம்மா நகரவில்லை. கல்லாகிவிட்டாள். நான் குனிந்து, சீட்டைப் பார்த்துக் கும்பிட்டேன். "ஐயா, அம்மாவுக்கு வெவரம் தெரியாது, மன்னிக்கணும். எனக்குப் பொண்ணு புடிச்சிருக்கு. இவங்க முன்னால கைவிட்டுடாதீங்க, ஏறிக்கோங்க." எல்லாரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் கதவை மெல்லச் சாத்தினேன். போய்ச் சாவியைத் திருப்பினேன். ஊமை. அதற்குள் அம்மாவுக்கு உயிர் வந்தது. மறுபக்கக் கதவு வழியாகக் குதித்து, பேயை உள்ளே வைத்துப் பூட்டுவதுபோல் படாரென்று அறைந்தாள். என் கை சாவியில்தான் இருந்தது. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. வாசலில் நின்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

பெண்ணின் அப்பா மட்டும் வந்தார். என்னைக் கேட்காமல் பின்சீட்டைத் தூக்கினார். பாட்டரிமேல் ஒயர் ஆடிக்கொண்டிருந்தது, பச்சை பூத்துக் கிடந்தது.

"ஒயரு லூசா கீது நைனா. கதவ அடிச்சா ஒட்டிக்குது, அவ்ளோதான்." சுரண்டி முடுக்கினார். பிறகு மூக்கைச் சுளித்தார். "ஆமா, இங்க யாரு பொடி போடறது?"

அம்மா இரண்டு அடி பின்வாங்கினாள். அவர் சீட்டை அவசரமாகப் போட்டார்.

"உள்ள இம்மாம் நேரம் வாயத் தொறக்கல. பொண்ணு புட்ச்சிகீதுன்னு காலி சீட்டாண்ட சொல்றியே. அவ உள்ள சிரிச்சிக்கினு கீறா. சிரிச்சி முடிக்கட்டும், அப்பால சொல்லி அனுப்பறேன்."

திரும்பும்போது அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் திரும்பவே இல்லை. நானும் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

சிரித்து முடிக்க அவளுக்கு நான்கு நாளாயிற்று. பிறகு சம்மதம் என்று ஆள் வந்தது.

இன்றும் சாப்பிடும்போது நான் பதில் சொல்லாமல் இருந்தால், என் மனைவி எதிரில் உள்ள காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்பாள்: "ஐயா, இவருக்கு ரசம் போதுமான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் வீட்டுக்கு எத்தனை பேர் வந்தாலும், அந்த நாற்காலியில் நான் மட்டும் உட்கார்ந்ததில்லை.