டி டிரைவ் அக்காவும் ஒரு மெமோவும்

காவிரியில் கரை புரண்டு வெள்ளம் வந்தால் குடும்பத்தோடு வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் திருச்சிக்காரர்கள். அப்படிப்பட்ட நாங்கள் பதினோரு பேர், ஆபீசில் ஒரே ஒரு பெண்மணியைக் கண்டு நடுங்கினோம். டி டிரைவ் அக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

எடமலைப்பட்டி புதூரில், விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் அமைத்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. முசிறி, துறையூர்ப் பக்கம் வயல் வயலாக நடந்து அளந்து வந்து, குழாய் எங்கெங்கே போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. அக்காவின் வேலை ரிசப்ஷனில் போன் எடுப்பது. ஆனால் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து இறங்கியதும் அவர் போனைத் தொடமாட்டார். ஒவ்வொரு கம்ப்யூட்டராக ரோந்து போவார்.

நான் சேர்ந்த முதல் நாளே மாட்டிக்கொண்டேன். வரைந்த படத்தை டெஸ்க்டாப்பில் சேமித்திருந்தேன்.

"தம்பி, டெஸ்க்டாப்புங்கிறது டீக்கடை பெஞ்சு மாதிரி. அதுல யாராச்சும் நகைய வச்சுட்டுப் போவாங்களா? எடுத்து டி-ல போடுங்க."

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான் என்றாலும் அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சி-யில் விண்டோஸ், டி-யில் நம் வேலை. விண்டோஸ் என்றைக்காவது மக்கர் செய்தால் சி-யை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். டி-யில் இருப்பது அலுங்காது. இதை அவர் கூரியர்காரரிடம்கூட விளக்கியிருக்கிறார். பாவம், அந்த ஆள் கையெழுத்து வாங்காமலே ஓடிவிட்டார்.

எங்கள் மேனேஜருக்குப் பிரிவினையே பிடிக்காது. புதிதாக நான்கு கம்ப்யூட்டர் வந்தபோது, "எல்லாம் ஒரே டிரைவா இருக்கட்டும், அப்பதான் இடம் தாராளமாத் தெரியும்" என்று உத்தரவு போட்டார். அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வருவதற்குள் அக்கா நான்கையும் பிரித்து முடித்திருந்தார். மேனேஜர் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். அக்கா ஒரு வெள்ளைத்தாளின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். இடப்பக்கம், "தங்கள் மெமோ கிடைத்தது. வணக்கம்." வலப்பக்கம், "பிரித்தது உண்மை. இனியும் பிரிப்பேன்."

ஆடி மாதத்தில் ஒரு நாள் கரண்ட் ஐந்தாறு முறை போய்ப் போய் வந்தது. அதில், அக்கா பிரித்த நான்கில் ஒன்றான மேனேஜரின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஒரு கோடை முழுக்க நான் வெயிலில் நடந்து அளந்து வரைந்த படங்களை எல்லாம் அதில்தான் சேர்த்து வைத்திருந்தோம். துறையூரிலிருந்து மூன்று விவசாயிகள் படம் வாங்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் அவசரமாக ஒரு சர்வீஸ்காரரை வரவழைத்தார். அவர் இரண்டு நிமிடம் பார்த்தார்.

"டிஸ்க்க முழுசா அழிச்சு ஒரே டிரைவாப் போட்டாச் சரியாயிடும் சார்."

"போடுங்க" என்றார் மேனேஜர்.

அக்கா போனை வைத்துவிட்டு வந்தார். கீபோர்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு மேனேஜர் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது வேணும்னா என்னையும் சேத்துத் தூக்குங்க."

"வேலைய விட்டே எடுத்துடுவேம்மா!"

"எடுத்துக்கங்க சார். சி-ய மட்டும் அழிச்சுக் காட்டிட்டுப் போயிடறேன்."

சர்வீஸ்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "டிஸ்க்கே எரிஞ்சு போச்சுன்னா உங்க டி மட்டும் எங்க இருக்கும்?"

"அதுக்குத்தான் இன்னொரு டிஸ்க் வாங்கித் தாங்கன்னு ஆறு மாசமா சாரக் கேக்குறேன். நீங்களாவது சொல்லுங்க!"

சர்வீஸ்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஃபேனைப் பார்த்தார்.

அக்கா திரையில் முதல் பாகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அழித்தார். விண்டோஸ் ஏற ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் ஓடியது. விவசாயிகள் ஆளுக்கு இரண்டு டீ குடித்தார்கள். கடைசியில் அக்கா டி-யைத் திறந்தார். ஊர் வாரியாக, பெயர் வாரியாக எல்லாம் அப்படியே இருந்தது.

"எங்க வயலு இருக்குங்களா?" என்றார் ஒரு பெரியவர்.

"இருக்குங்க. கெணத்தடி தென்னைகூட இருக்கு."

அப்போதுதான் மேனேஜருக்கு ஞாபகம் வந்தது. மகள் காதுகுத்துப் படங்களை யார் பேச்சையும் கேட்காமல் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தார். டெஸ்க்டாப் இருப்பது சி-யில்; அதோடு அதுவும் அழிந்திருந்தது. அக்கா டி-யில் ஒரு ஃபோல்டரைத் திறந்தார். அதன் பெயர், 'சார் சொன்னாக் கேக்க மாட்டார்'. வெள்ளிக்கிழமைதோறும் அவருக்குத் தெரியாமல் நகலெடுத்து வைத்திருக்கிறார். உள்ளே அத்தனை படங்களும் இருந்தன.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் மேனேஜர்.

"நன்றியெல்லாம் வேணாம் சார். மெமோவ வாபஸ் வாங்குங்க. எழுத்துல."

வாங்கினார். கையெழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அக்கா அவருடைய நாற்காலியிலிருந்து எழுந்தார்.

பிறகு நான் வேறு வேலைக்குப் போனேன். அக்காவும் கண்டோன்மென்ட் பக்கம் ஏதோ ஆபீசில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. போன மாதம் சத்திரம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. குரல் அப்படியே.

"இங்கயும் ஒரு மேனேஜர் இருக்காரு தம்பி" என்று ஆரம்பித்தார்.

என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.