இருபத்தைந்து கிலோ உப்பும் உங்கள் தங்கையும்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கு நான் சுகம். உங்கள் தங்கையும் சுகமாகத்தான் இருக்கிறாள் என்று தோன்றுகிறது. நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ள வழியில்லை. அவள் என்னோடு பேசி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது.

பதற வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பாடு வந்துவிடுகிறது. எனக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் ஃப்ரிட்ஜிடம் சொல்கிறாள். "கேஸ் தீரப்போகுது, யாராவது போன் பண்ணினா தேவலை" என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்வாள், நான் போன் செய்வேன். முந்தாநாள் அவசரத்தில் நானும் ஃப்ரிட்ஜிடமே பதில் சொல்லிவிட்டேன். நிலைமை அந்த அளவுக்கு முற்றிவிட்டது. குடும்பத்துக்குப் பெரியவர் தாங்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், தப்பு யார் பக்கம் என்று தாங்களே சொல்லுங்கள். என் பக்கம் என்று எனக்கே தெரியும், இருந்தாலும் தாங்கள் சொன்னால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

மின்சார ஆபீசில் முப்பத்துநான்கு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். ரிட்டயராகி ஆறு மாதம். பார்க்க மீட்டர் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே வளையவந்துகொண்டிருந்த நேரத்தில், ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கடைக்குப் போனேன். அலமாரித் தட்டில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்கிறது மச்சான், நூறு கிராமுக்கு இவ்வளவு என்று. எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்? ஒருத்தரும் இல்லை! பாக்கெட்டின் பளபளப்பைப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறார்கள். நான் முழங்கால் போட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து, அடித்தட்டு முழுவதையும் படித்தேன். சூப்பர்வைசர் அம்மா ஓடிவந்து, "சார், மயக்கமா? தண்ணி கொண்டு வரட்டுமா?" என்றார். "மயக்கம் இப்பத்தாம்மா தெளிஞ்சுது" என்றேன். அதே டீத்தூள், சின்ன பாக்கெட்டில் வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு விலை கூடுதல். பெரிய பிஸ்கட் பாக்கெட்டோ 'சிக்கனப் பொதி' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு, சின்னதைவிட அதிகம் வாங்குகிறது. இப்படி ஒரு அக்கிரமம் நடந்துகொண்டிருக்கும்போது முப்பத்துநான்கு வருடம் நான் என்ன பண்ணிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்கு வந்து, சமையலறையில் இருந்த ஒவ்வொரு டப்பாவின் மேலும் மார்க்கரால் நூறு கிராம் விலையை எழுதினேன். கூடுதல் விலைக்கு வாங்கியதற்கெல்லாம் சிவப்பு மார்க்கர். பதினேழு டப்பாவில் பதினான்கு சிவப்பு. அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு டெய்லரின் மனைவி டீ குடிக்க வந்திருந்தார். அவர் எதிரிலேயே, "இத்தனை வருஷமா நம்ம வீட்டுக் காசு எங்க போச்சுன்னு இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன்" என்று சொல்லிவிட்டேன். சத்தியமாக நகைச்சுவையாகத்தான் சொன்னேன் மச்சான். உங்கள் தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஆணியில் மாட்டியிருந்த துணிப்பையை எடுத்து என் தோளில் போட்டாள். "நாளையிலேர்ந்து நீங்களே போயிட்டு வாங்க" என்றாள். என்னிடம் நேராகப் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

சரி, செய்து காட்டுவோம் என்று கிளம்பினேன். முதலில் உப்பு. கணக்குப்படி இருபத்தைந்து கிலோ மூட்டையை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. வண்டி பிடித்து ஏற்றி வந்த வாடகையில் லாபம் முழுவதும் போயிற்று, இரண்டு மாடி தூக்கி ஏறியதில் இடுப்பு போயிற்று. மாதம் அரைக் கிலோ என்று வைத்தால் நான்கு வருடம் இரண்டு மாதத்துக்கு நமக்கு உப்புக் கவலையே கிடையாது என்று கூடத்தில் நின்று அறிவித்தேன். உங்கள் தங்கை ஃப்ரிட்ஜிடம், "சில பேருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்து மூணு மாசம் ஆச்சு" என்றாள். அப்படிப் பார்த்தால் எட்டு வருடம் வரும். நான் அதைச் சொல்லவில்லை. மூட்டை இப்போது கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருக்கிறது, பீரோவின் ஒரு கதவுதான் திறக்கிறது, அது என் சட்டை இருக்கும் பக்கமில்லை.

அடுத்தது சலவைத் திரவம். இதில்தான் கடைக்காரனையே மிஞ்சினேன். லிட்டர் விலையைப் பார்த்தால் அந்தச் சின்ன பாட்டில் யானை விலை. ஆனால் அது கெட்டித் திரவம், ஒரு சலவைக்கு ஒரு மூடி போதும். சலவைக் கணக்கில் பார்த்தால் அதுதான் மலிவு. சூப்பர்வைசர் அம்மாவே, "நீங்க சொன்னப்புறம்தான் சார் எனக்கே புரியுது" என்று பாராட்டினார். அந்தப் பெருமையிலேயே வீட்டுக்கு வந்து, பழைய ஞாபகத்தில் மெஷினில் ஒரு டம்ளர் ஊற்றிவிட்டேன். நுரை மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தது, கூடத்துக்கு வந்தது, கதவிடுக்கு வழியாகப் படியிறங்கிக் கீழ்வீட்டுக்குப் போய்விட்டது. டெய்லர் பாதி தைத்த சட்டையோடு மேலே வந்தார். "சார், தண்ணி வந்திருந்தா குழாய் உடைஞ்சிருச்சுன்னு கஸ்டமர்கிட்ட சொல்லிடுவேன். இதுக்கு நான் என்னன்னு சார் சொல்றது?" என்றார். உங்கள் தங்கை துடைப்பத்தோடு வந்து, படிப்படியாகத் தள்ளிக்கொண்டே இறங்கினாள். ஃப்ரிட்ஜிடம்கூட அன்று எதுவும் சொல்லவில்லை.

இனிமேல்தான் மச்சான் முக்கியமான விஷயம். போன வாரம் ஷாம்பு தட்டுக்கு வந்தேன். ஒரு குளியலுக்கு வருமே, அந்தச் சின்ன பாக்கெட், அது சில கம்பெனியில் மலிவுதான், ஆனால் அவள் வாங்கும் கம்பெனியில் கணக்குப் போட்டால் பாட்டிலைப்போல மூன்று மடங்கு விலை வருகிறது. நம் வீட்டில் அவளுக்கு அந்தப் பாக்கெட்தான். ஆகா, மாட்டிக்கொண்டாள் என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சிவப்பு மார்க்கரோடு குளியலறை அலமாரியைத் திறந்தேன். ஒரு பாக்கெட் ஓரத்தில் கிழித்து, பாதி செலவாகி, மீதியை மடித்துத் துணிக்கிளிப் போட்டு வைத்திருந்தது. பக்கத்தில் என் ஷேவிங் கிரீம், இருப்பதிலேயே பெரிய டியூப். பிள்ளைகள் எங்களோடு வீட்டில் இருந்தவரை அவர்களுக்கும் எல்லாம் பெரிய பாட்டில்தான் வரும். பள்ளிக்கூடம், வாடகை எல்லாம் போக மாதக்கடைசியில் அவள் கையில் மிஞ்சியது ஒரு பாக்கெட்டுக்குத்தான் கட்டுப்படியாகியிருக்கிறது. அதனால்தான் உலகத்திலேயே அதிக விலை கொடுத்து அவள் தலை குளித்திருக்கிறாள். ஊரார் வீட்டு மீட்டரையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தவன், இதைப் பார்க்கவில்லை. எனக்கு மனசு தாங்கவில்லை மச்சான். மார்க்கரை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஒரு பெரிய பாட்டில் வாங்கிவந்து அலமாரியில் வைத்தேன். தாங்கள் வேறு மாதிரி நினைக்க வேண்டாம், அதையும் நூறு மில்லிக்கு இருப்பதிலேயே குறைந்த விலை எதுவென்று பார்த்துத்தான் வாங்கினேன், கொள்கையில் மாற்றமில்லை. டப்பாக்களில் இருந்த சிவப்பு எழுத்தை மண்ணெண்ணெய் போட்டு அழித்தேன். அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன், மூன்று தடவையும் தண்ணீர்தான் கேட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் ஏதோ இந்தப் பக்கம் வந்த மாதிரி வந்து, எங்களைச் சேர்த்துவைக்க வேண்டும். தங்கள் பேச்சை அவள் தட்டமாட்டாள். இந்தப் பேச்சில்லாத வீட்டில் என்னால் இன்னொரு வாரம் இருக்க முடியாது.

அக்காவுக்கு என் வணக்கம். வீட்டில் சின்னவர்களுக்கு எங்கள் ஆசி, அதில் உங்கள் தங்கையின் பங்கும் உண்டு, அவளைக் கேட்காமலேயே சேர்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வருகையை எதிர்பார்க்கும் மைத்துனன்

பி.கு.: இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியவே கூடாது. கவர் நூறு கொண்ட கட்டாக வாங்கியது, மலிவுதான், ஆனால் ஒட்டமாட்டேன் என்கிறது. கோந்து வாங்கிவந்து ஒட்டி நானே தபாலில் போடுவேன்.

இன்னொரு பி.கு.: அண்ணா, உன் தங்கை எழுதுகிறேன். இவர் கோந்து வாங்கப் போயிருக்கிறார். பக்கத்துக் கடைக் கோந்து கிராமுக்கு விலை கூடுதலாம், அதனால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும். வர ஒரு மணி நேரமாகும். கடிதம் மேஜைமேல் திறந்தே கிடந்தது.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. முதல் இரண்டு நாள் இருந்தது. மூன்றாவது நாள் இவர் ஒன்பது மணிக்குப் பையோடு போனவர் பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்காமல் சமைத்தேன். இப்போது காலையில் கீழ்வீட்டில் தையல் பழகுகிறேன். நான் பேசினால் சமாதானமாகிவிட்டது என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வந்து கெடுத்துவிடாதே. அப்படியே வந்தாலும் பெரிய பையாகக் கொண்டு வா, உப்பு தருகிறேன்.

ஷாம்பு விஷயம்: பாட்டில் வைத்தால் இவர் ஸ்கூட்டர் கழுவிவிடுவார், அதனால்தான் பாக்கெட். கிளிப் போட்டது, என் முடிக்கு இப்போது பாதியே போதும் என்பதால். அந்தக் காலத்தில் கையில் காசு இல்லாததும் உண்மைதான். அதை இவர் கண்டுபிடிப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

அந்தப் பாட்டிலின் பில் பைக்குள் கிடந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் கணக்குப் போட்டேன். அது மலிவெல்லாம் இல்லை அண்ணா. இத்தனை வருடம் அந்தக் கடையில் வாங்கியவளுக்குத் தெரியாதா, அங்கேயே நூறு மில்லிக்கு அதிக விலை அதற்குத்தான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. இன்றைக்குப் பேசிவிடலாமா என்று யோசிக்கிறேன். எவ்வளவு பெரிய கோந்து டப்பா வாங்கி வருகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.