மாடியைக் காலி செய்ய வைத்த கதை

ஒன்று அந்த ராப் கோஷ்டி மாடியில் இருக்க வேண்டும், இல்லை நான் இந்த வீட்டில் இருக்க வேண்டும்! காலையில் இப்படித்தான் சபதம் போட்டேன். பல் துலக்கும்போது போட்டதால் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

நான் பழைய ஃபர்னிச்சர் வியாபாரி. கீழே கடை, நடுவில் வீடு, மாடியில் பழைய மெத்தைகளும் பீரோக்களும். வாயை மட்டுமே முதலாகப் போட்டு முன்னுக்கு வந்தவன். எவன் என்ன சொன்னாலும் முதல் பேச்சிலேயே சரி என்றதில்லை. டாக்டர் இரண்டு ஊசி என்றால், ஒன்றுக்குப் பேசி முடித்துவிட்டுத்தான் சட்டையைச் சுருட்டுவேன்.

அந்த மாடியில்தான் என் மனைவியின் தம்பியும் அவன் கூட்டாளிகளும் ராப் பாடுகிறார்கள். எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாத சுயேச்சைக் குழுவாம். சுயேச்சை என்றால் என் மாடி, என் கரண்ட், என் மெத்தை! மெத்தைகளைச் சுவரில் சாத்தினால் எதிரொலிக்காதாம். மச்சான் பீரோவுக்குள் உட்கார்ந்துதான் பாடுவான். நேற்று ஒரு வாடிக்கையாளர் அந்த பீரோவைத் திறந்தார். "எவன்டா நீ? நேர்ல வாடா!" என்று உள்ளேயிருந்து ஒரு முழக்கம். மனுஷன் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். என் மதியத் தூக்கம் அதற்கு முன்பே ஓடிவிட்டது.

அடுப்படியில் போய் நின்று கத்தினேன்.

"இதோ பாரு! சாயங்காலத்துக்குள்ள உன் தம்பி மாடியைக் காலி பண்ணணும்!"

"சரிங்க" என்றாள் மனைவி, வெங்காயத்தை நறுக்கியபடி.

"என்ன சரி?"

"பண்ணச் சொல்லிடறேன்."

எனக்குச் சுருக்கென்றது. கேட்டவுடன் ஒருத்தர் தலையாட்டினால் நாம் ஏமாந்துவிட்டோம் என்று அர்த்தம். இது வியாபாரம்.

"எங்க போவானுங்க?"

"அடுத்த தெரு மீசைக்காரர் அவர் கடை மாடியைத் தரேன்னாராம்."

மீசைக்காரன் என் தொழில் எதிரி. ரத்தம் தலைக்கு ஏறியது.

"சும்மாவா தரான்?"

"பாட்டுல அவர் கடை பேரைச் சொல்லணுமாம். விடுங்க, நீங்க நிம்மதியா தூங்கலாம்."

"என் மெத்தையில பாடிப் பழகிட்டு அவன் பேரைச் சொல்வானுங்களா? தூக்கம் வருமாடி எனக்கு?"

மாடிக்குப் பாய்ந்தேன். மச்சான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"கிளம்பறோம் மாமா."

"பிரிடா மூட்டையை! அவன் என்ன தரேன்னான்?"

"ஒரு ஃபேன்."

"ரெண்டு தரேன்!"

"மதியம் டீ."

"பிஸ்கட்டோட தரேன்!"

"சத்தம் போட்டா திட்ட மாட்டாராம்."

அங்கேதான் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மேஜையைத் தட்டி, தொண்டை வறளப் பேசினேன். வாரத்தில் ஒரு நாள் நான் திட்டலாம் என்று முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை. அன்று அவர்கள் வருவதில்லை.

ஜெயித்த மிதப்பில் இறங்கினேன். கடைசிப் படியில் கால் நின்றுவிட்டது. மீசைக்காரன் கடைக்குத் தகரக் கூரையல்லவா!

"ஏண்டி, அவன் கடைக்கு ஏதுடி மாடி?"

"நல்லவேளை, மேல போறதுக்கு முன்னாடி கேக்காம விட்டீங்க" என்று தட்டை என் கையில் வைத்தாள். "டீ ஆறுது. பிஸ்கட் கீழே விழாம கொண்டு போங்க."