பிளம்பர் அண்ணையின் மிதவைச் சட்டை

லண்டனில் தண்ணீரை வைத்துப் பிழைத்தவர்களில், தண்ணீரைத் துளியும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் பிளம்பர் அண்ணைதான். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டுச் லண்டனின் சட்டன் பகுதிக்கு வந்து சேர்ந்தவர். எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒழுகிய குழாய்களையெல்லாம் அடைத்தவர். அவருடைய சொந்தப் பெயர் மனைவி வதனிக்கும் வரி அலுவலகத்துக்கும் மட்டும் தெரிந்திருக்கும். "தண்ணி குழாய்க்குள்ள இருக்கும் வரைக்கும்தான், தங்கச்சி, நல்ல பிள்ளை" என்று என்னிடம் அடிக்கடி சொல்லுவார்.

அப்படிப்பட்டவரின் நான்கு வயது மகள் அபி நீச்சல் பழகவேண்டும் என்று வதனி முடிவெடுத்தது 2009இல். ஊரில் போரின் கடைசிக் கட்டம்; அந்த வருடம் எங்கள் வீடுகளில் தொலைக்காட்சிச் செய்தி ஓயாது. தொலைபேசி அடித்தாலே நெஞ்சு திடுக்கிடும். பிள்ளைகளாவது ஞாயிறு காலையில் கொஞ்சநேரம் சிரித்துவிட்டு வரட்டும் என்று நானும் என் மகனை அதே வகுப்பில் சேர்த்தேன்.

வதனி அபிக்கு ஒரு மிதவைச் சட்டை வாங்கினாள். நீச்சல் உடுப்புத்தான், ஆனால் நெஞ்சையும் முதுகையும் சுற்றி நீளநீளமாகப் பைகள், ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு ஃபோம் துண்டு. பிள்ளைக்கு நீச்சல் பிடிபடப் பிடிபட ஒவ்வொரு துண்டாக உருவி எடுக்கவேண்டும். கடைசியில் அது வெறும் உடுப்பாகிவிடும்; பிள்ளை தானாகவே நீந்தும்.

அண்ணை இதை நம்பவில்லை. வதனி கடைக்குப் போயிருந்த நேரம் குளியல் தொட்டியை நிரப்பி, அபியின் பாரத்துக்குக் கிட்டவாக இருந்த சிவப்பரிசி மூட்டைக்கு அந்தச் சட்டையை மாட்டி, மெல்ல இறக்கியிருக்கிறார். மூட்டை சத்தமில்லாமல் அடியில் போய்க் குந்திவிட்டது. அரிசி எப்போது மிதந்தது, பிள்ளைதான் மிதக்கும் என்று வதனி கத்தியது ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. ஊறிய அரிசி மாவானது. அந்த மாதம் முழுக்க அவர்கள் வீட்டில் புட்டு. எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வந்தது.

வகுப்பு தொடங்கியது. ஆசிரியை ஒரு வெள்ளைக்காரப் பெண், பொறுமைசாலி. அபி நன்றாகக் கை கால் அடிக்கிறாள் என்று சொல்லி ஒரு துண்டை உருவினாள். பிறகு இன்னொன்று. ஆனால், துண்டு குறையக் குறைய அபி இன்னும் உயரமாக மிதந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மல்லாந்தபடி, கைகால்களை விரித்துக்கொண்டு, புரளவும் முடியாமல் குளத்தின் நடுவில் கிடந்தாள்.

"அப்பா, ஐ ஆம் எ பலூன்" என்றாள் அழுகைக் குரலில்.

ஆசிரியை அவளைத் தூக்கிக் கரையில் வைத்துச் சட்டைக்குள் கையை விட்டாள். உள்ளேயிருந்து கறுப்புக் கறுப்பாக ஃபோம் குழல்கள் வந்தன. குளிர்காலத்தில் சுடுதண்ணீர்க் குழாய்களுக்குச் சுற்றுவார்களே, அதே சாமான். வந்துகொண்டேயிருந்தன. ஒரு குளியலறைக்குப் போதுமான அளவு. கரையோர வாங்குப் பலகையில் இருந்த தாய்மார் எல்லாம் சிரித்தார்கள். நானும்தான்.

ஆசிரியையும் சிரித்துவிட்டுத்தான் சொன்னாள்: இப்படியே போனால் பிள்ளை சட்டையைத்தான் நம்பும், சட்டையில்லாமல் ஒருநாள் தண்ணீருக்குள் விழுந்தால் ஆபத்து. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். அண்ணை வதனியிடம் தமிழில் சொன்னார்.

"பிள்ளை தண்ணிக்குள்ள தாண்டு போனா எனக்குக் குதிச்சு எடுக்கத் தெரியாது. இந்த வாங்கில இருந்து பாக்கத்தான் ஏலும்."

நான்தான் ஆசிரியைக்கு மொழிபெயர்த்தேன். அவள், அப்படியானால் தண்ணீருக்குள் வந்து நில்லுங்கள், ஆழமில்லாத பக்கம் உங்களுக்கு இடுப்பளவுதான், நீந்தத் தேவையில்லை என்றாள்.

அடுத்த கிழமை அண்ணை வந்தார். முழங்காலுக்குக் கீழே தொங்கும் புதுக் காற்சட்டை, கண்ணுக்குக் கறுப்பு நீச்சல் கண்ணாடி, ஒரு முடியும் இல்லாத தலைக்கு ரப்பர் தொப்பி. கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவர் இறங்கி முடிப்பதற்குள் பாதி வகுப்பு முடிந்துவிட்டது. ஆசிரியை அபியின் சட்டையில் மிச்சமிருந்த கடைசித் துண்டை அவர் முன்னாலேயே உருவி, வெறும் பைகளைத் தடவிப் பார்க்கவும் விட்டாள்.

அபி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணை தன்னையறியாமல் ஓரடி முன்னால் வைத்தார்.

"அப்பா, கிட்ட வராதேங்கோ" என்றாள் அபி.

அவர் நின்றார். அவள் காலால் சுவரை உதைத்துவிட்டு வந்தாள். தண்ணீரைக் குடித்தாள், தும்மினாள், ஒருதரம் மூக்குவரை தாழ்ந்தும் போனாள். அண்ணையின் கைகள் பாய்ந்து, பாதியில் நின்றன. அவள் மேலே வந்து இன்னும் கொஞ்சம் அடித்து, அவருடைய விரலைப் பிடித்தாள். வாங்கிலிருந்து எல்லோரும் கைதட்டினோம். அவருடைய கறுப்புக் கண்ணாடி மட்டும் உள்பக்கமிருந்து நிரம்பிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் அண்ணை நீந்தப் பழகவில்லை. அபி ஆழமான பக்கம் போய்விட்ட பிறகும்கூட ஞாயிறுதோறும் அதே இடத்தில், அதே தொப்பியோடு, கைகளை அரைவாசி நீட்டிக்கொண்டு நின்றார். ஆசிரியை அவரைப் போகச் சொல்லவில்லை. களைத்த பிள்ளைகள் வந்து அவரைப் பிடித்து மூச்சு வாங்கிவிட்டுப் போவார்கள். என் மகனும் அவர்களில் ஒருவன்.

எனக்கும் நீச்சல் தெரியாது. அண்ணை அங்கே நிற்கத் தொடங்கிய பிறகுதான் நான் அந்த வாங்கில் சாய்ந்திருந்து, ஆறுதலாக என் தேத்தண்ணியைக் குடித்தேன்.